ஒன்பது நாள்

தீப்பெட்டியின் மேல் ஐம்பது குச்சி என்று போட்டிருந்தால் அவர் அதை மேஜைமேல் கொட்டி எண்ணிப் பார்ப்பார். நாற்பத்து மூன்று இருக்கும். ஒருமுறை நாற்பத்தொன்றுதான் இருந்தது. எண்ணி முடித்தபின் கோபப்படமாட்டார். கடைக்காரரிடம் போய் மல்லுக்கு நிற்கமாட்டார். பெட்டியில் அச்சடித்திருந்த ஐம்பதைப் பேனாவால் அடித்துவிட்டுப் பக்கத்தில் நாற்பத்து மூன்று என்று எழுதுவார். குச்சிகளைத் திரும்ப அடுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்.

"எதுக்கு சார் இந்த வேலை?" என்று கேட்டால், "மேல ஒரு நம்பர், உள்ள ஒரு நம்பர்னா, மேல இருக்கிறத எதுக்கும்மா அச்சடிக்கணும்?" என்பார். கிண்டலாகச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்ப்போம். நிஜமாகவே தெரியாமல் கேட்பவர் முகமாக இருக்கும்.

எழுபதுகளின் தொடக்கம். தாம்பரத்தில் ரயில் பாதைக்குக் கிழக்கே ஒரு பழைய பங்களாவில் காசநோய்க் கணக்கெடுப்பு அலுவலகம் ஒன்று நடந்தது. அங்கே எனக்கு அட்டையில் துளை போடும் வேலை. அப்பா இறந்த ஆறாம் மாதம் சேர்ந்தேன். வயது இருபத்திரண்டு. வீட்டில் அம்மாவும் இரண்டு தம்பிகளும். என் சம்பளம் ஒன்றுதான் வரும்படி. அவர் எங்கள் பிரிவுக்குப் பொறுப்பாளர். நாற்பத்தைந்து வயதிருக்கும். கழுத்துப் பொத்தான்வரை போட்ட வெள்ளைச் சட்டை, கணுக்காலில் கிளிப் மாட்டிய பேன்ட், சைக்கிள். சேலையூரில் கேம்ப் ரோட்டை ஒட்டிய ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தார். மனைவி பள்ளிக்கூட டீச்சர். குழந்தை இல்லை.

அவரிடம் ஒரு ஸ்டாப் வாட்ச் இருந்தது. அக்கம்பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் விளையாட்டு விழா என்றால் நேரம் பார்க்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். மற்ற நாட்களில் அதை வைத்து ஊரையே அளந்துகொண்டிருந்தார். தாம்பரத்தில் மின்சார ரயில் எத்தனை நிமிடம் பிந்தி வந்தது என்று அவருக்குத் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் ஒரே சர்ச். போதகரை அங்கே எல்லாரும் ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். பிரசங்கத்தில் போதகர், "இன்னும் இரண்டே நிமிடத்தில் முடித்துவிடுகிறேன்" என்று சொன்ன ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கும்போது இவர் தாழ்ந்த குரலில், "ஐயரே, பதினேழு" என்றார். போதகர் சிரித்தார். அடுத்த வாரத்திலிருந்து அவர் நிமிடக் கணக்குச் சொல்வதையே விட்டுவிட்டார்.

"இந்த மனுஷன்கிட்ட அஞ்சு நிமிஷத்துல வரேன்னு சொல்லிட்டு நான் எங்கயும் போக முடியாது எஸ்தர்" என்பார் அவர் மனைவி. "வந்ததும் திட்டமாட்டார். இருபத்தி ரெண்டும்பார். அதுக்குத் திட்டினாலே தேவலை."

இப்படிப்பட்ட மனிதர், தன் வாழ்க்கையில் ஒரே ஒரு பொருளை மட்டும் அளந்து பார்க்காமல் நம்பினார். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் அலுவலக வேலை இது. எக்ஸ்ரே வண்டி ஊர் ஊராகப் போகும். சேலையூர், பொழிச்சலூர், கோவளம் என்று போய், பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் நெஞ்சைப் படம் எடுப்பார்கள். சளி வாங்குவார்கள். படத்திலும் சளிக் குப்பியிலும் பேர் இருக்காது, நம்பர் மட்டும். படத்தைப் பார்க்கிற டாக்டருக்கு அது யார் என்று தெரியக்கூடாது என்பது ஆராய்ச்சி விதி. ஆளுக்கு மூன்று அட்டை. ஒன்றில் படத்தின் முடிவு, ஒன்றில் சளியின் முடிவு, ஒன்றில் பேரும் ஊரும். இந்த மூன்றையும் ஒன்று சேர்த்தால்தான் இன்ன ஊரில் இன்னாருக்கு நோய் என்று ஒரு பட்டியல் வரும். அதை எடுத்துக்கொண்டு சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகப் போய் ஆளைக் கூட்டிவந்து மருந்து தொடங்குவார்கள்.

முன்பெல்லாம் எட்டு குமாஸ்தாக்கள் உட்கார்ந்து கையால் சேர்த்தார்கள். ஒரு ஊருக்குப் பதினைந்து நாள் ஆகும். அதற்குத்தான் கம்ப்யூட்டர் வந்தது; அட்டையில் நாங்கள் எந்த இடத்தில் துளை போட்டிருக்கிறோம் என்பதை வைத்து அது முடிவைப் படிக்கும். எங்கள் டைரக்டர் இரண்டு வருடம் தில்லிக்கு எழுதி எழுதி வாங்கியது. லாரியில் வந்து, பங்களாவின் ஒரு பக்கச் சுவரை இடித்து உள்ளே இறக்கினார்கள். அந்த அறைக்கு மட்டும் ஏ.சி. திறப்பு விழாவுக்கு ஒரு மந்திரி வந்து ரிப்பன் வெட்டினார். மறுமாதம் எட்டு குமாஸ்தாக்களையும் வேறு வேறு ஊர்களுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவரை மூன்று மாதம் பம்பாய்க்குப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். திரும்பி வந்தவர் ஆளே மாறியிருந்தார். பேச்சு கூடியிருந்தது. வழவழப்பான வர்ணக் காகிதத்தில் அந்தக் கம்பெனி அச்சடித்த விளம்பரப் புத்தகத்துக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு மேஜை டிராயரில் வைத்திருந்தார். நிமிடத்துக்கு எண்ணூறு அட்டை படிக்கும். நிமிடத்துக்கு அறுநூறு வரி அச்சடிக்கும். வேத வசனம் போல அவருக்கு அது மனப்பாடம்.

நான் ஒருநாள் விளையாட்டாகக் கேட்டேன்: "தீப்பெட்டிய எண்ணினீங்க. இதுக்கு வாட்ச் வச்சுப் பாக்கலியா சார்?"

"மனுஷன்தாம்மா கூட்டிச் சொல்லுவான்" என்றார். "மெஷினுக்கு யார்கிட்ட நல்ல பேர் வாங்கணும்?"

புத்தகத்தை அச்சடித்தவன் மனிதன் என்பது அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

அந்தோணியம்மாள் அந்தச் சமயத்தில்தான் வந்தாள். கோவளத்து மீன்காரி. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கேளம்பாக்கத்தில் பஸ் மாறித் தாம்பரம் வந்து, விசாரித்து விசாரித்து எங்கள் அலுவலகத்தைக் கண்டுபிடித்திருந்தாள். படி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. முந்தானையை வாயில் வைத்து இருமிவிட்டு, கதவருகே நின்றபடியே கேட்டாள்.

"சார், நெஞ்சுக்கு போட்டோ புட்சாங்களே, எங்க ஊருக்கு வண்டி வந்துச்சே. இன்னா வந்துகீதுன்னு சொல்லு சார்."

மற்ற யாராக இருந்தாலும் "அப்புறம் வா" என்றிருப்பார்கள். அவர் எழுந்துபோய், அலமாரியில் கோவளத்துக்கு முன்னால் எத்தனை ஊர், எத்தனை பெட்டி அட்டை என்று பார்த்தார். திரும்பி வந்து டிராயரிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்தார். காகிதத்தில் பெருக்கி வகுத்தார்.

"ஒன்பது நாள்மா" என்றார். "அடுத்த வியாழக்கிழமைக்கு அடுத்த நாள். வெள்ளி. உங்க ஊர் லிஸ்ட் வந்துடும்."

"நெஜமாவா சார்? ஒம்போது நாள்தானா?"

"ஒன்பது நாள்."

ஒரு துண்டுச் சீட்டில் தேதியை எழுதிக் கொடுத்தார். அவள் அதை மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டு, "நல்லா இருப்பே சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த ஒன்பது நாளில் என்ன நடந்தது என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கடல் காற்று கொஞ்சம் ஈரமாக அடித்தால் போதும், அட்டைகள் உப்பிக்கொண்டு உள்ளே சிக்கும். சிக்கிய அட்டையைப் பிய்த்து எடுத்து, நான் புதிதாகத் துளை போட்டுக் கொடுத்து, அந்தப் பெட்டியை முதலிலிருந்து மறுபடி ஓட்ட வேண்டும். மதியம் மின்சாரம் குறைந்தால் ஏ.சி. நிற்கும். ஏ.சி. நின்றால் இயந்திரத்தையும் நிறுத்த வேண்டும். இதையெல்லாம் புதுச் செருப்பு கடிக்கிற மாதிரி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பழகினால் சரியாகிவிடும்.

ஒன்பதாம் நாள் காலையிலேயே அவள் வந்துவிட்டாள். பொழிச்சலூர் அட்டைகளே அன்று பாதிதான் முடிந்திருந்தன. கோவளத்துப் பெட்டிகளைத் திறக்கக்கூட இல்லை.

"இன்னும் ஆகலம்மா" என்றார் அவர்.

அவள் சீட்டை எடுத்து நீட்டினாள். "இன்னிக்கிதானே சார்? படிச்ச புள்ளைங்ககிட்ட கேட்டுக்கினுதான் வந்தேன்."

"ஆமா. இன்னைக்குத்தான்." அவர் சீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அடுத்த வாரம் வாங்கம்மா."

அவள் போனபின் அவர் சாப்பிடப் போகவில்லை. ஸ்டாப் வாட்சை எடுத்துக்கொண்டு இயந்திர அறைக்குள் போனார். என்னையும் கூப்பிட்டார். அட்டையை எண்ணி நான் வைக்க வேண்டும், அவர் நேரம் பார்ப்பார். பத்து முறை ஓட்டினோம். எண்ணூறு என்று போட்டிருந்த இடத்தில் முந்நூற்றுப் பத்துக்கு மேல் ஒருமுறைகூட வரவில்லை. அச்சடிக்கும் பகுதி இன்னும் மோசம். அறுநூறு வரி என்றார்களே, நூற்றுத் தொண்ணூறு.

இயந்திரத்தின் பெரிய கதவைத் திறந்து உள்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கதவின் மறுபுறம் ஏதோ வெளிநாட்டு அலுவலகத்தின் பேர் ஒட்டி, அதைச் சுரண்டி எடுத்த தடம் இருந்தது. மேலே புதுப் பெயிண்ட். யாரோ ஓட்டித் தள்ளிய பழைய இயந்திரம். அவர் கதவை மூடினார்.

கம்பெனியிலிருந்து ஒரு என்ஜினியரை வரவழைத்தார்கள். டை கட்டிய இளைஞர். அவர் முன்னாலேயே ஓட்டிக் காட்டினார் இவர். அந்த இளைஞர் பதறவில்லை.

"புத்தகத்துல இருக்கிற ஸ்பீடு கரெக்ட் சார். ஆனா அது நம்பர் மட்டும் அடிச்சா. நீங்க பேர் அடிக்கிறீங்க. எழுத்து வந்தாலே மெஷின் ஸ்லோ ஆயிடும்."

"பேர் இல்லாம லிஸ்ட் எதுக்கு சார்? நம்பரப் பாத்து யார் வீட்டுக்குப் போறது?"

"அது உங்க தேவை. நான் மெஷினப் பத்திச் சொல்றேன்."

"அட்டை படிக்கிறது? அதுல எழுத்து கிடையாதே."

"அது லேபுல எடுத்த கணக்கு. புது அட்டை, ஈரம் இல்லாத காத்து."

"இந்த ஊர்ல கடல் இருக்குன்னு உங்க கம்பெனிக்குத் தெரியாதா?"

அதற்கு அந்த இளைஞர் சிரித்தார். அடுத்த வாரமே டைரக்டர் உத்தரவு போட்டார்: இனிமேல் பட்டியலில் பேர் வேண்டாம், நம்பர் மட்டும் அச்சடித்தால் போதும். பேரைச் சுகாதார ஊழியர்களே பேரேட்டைப் பார்த்து எழுதிக்கொள்ளட்டும். இயந்திரம் கொஞ்சம் வேகமானது. அந்த வேலை ஊழியர்கள் தலையில் விழுந்து, அவர்கள் வெளியே போவது குறைந்தது.

இயந்திரம் சொன்னபடி வேலை செய்கிறது என்று அவர் ஒரு சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அவர் போடவில்லை. டைரக்டர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். அறைக் கதவு திறந்திருந்ததால் எங்களுக்குக் கேட்டது. டைரக்டர் கெட்டவர் இல்லை. வெயிலில் எங்களோடு கிராமங்களுக்கு வந்தவர்தான். அன்று அவர் குரல் கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

"ரெண்டு வருஷம் நான் எழுதி வாங்கினதுய்யா. இப்ப இது வேலை செய்யலைன்னு எப்படி எழுதுவேன்? எட்டு பேரை அனுப்பியாச்சு. திரும்பக் கேட்டா குடுப்பாங்களா?"

"வேலை செய்யலைன்னு எழுத வேணாம் சார். முந்நூத்திப் பத்துன்னு எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

கடைசியில் டைரக்டரே கையெழுத்துப் போட்டுக்கொண்டார்.

இதற்கிடையே அந்தோணியம்மாள் இன்னும் இரண்டு முறை வந்தாள். இரண்டாம் முறை படி ஏறவில்லை. கீழே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, வாட்ச்மேனை அனுப்பிக் கேட்டாள். அவர் கீழே இறங்கிப் போனார். தாம்பரத்தில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே நேராகப் போய்க் காட்டுங்கள் என்று அப்போதுதான் அவளிடம் சொன்னார். அவள் தலையாட்டினாள். அதற்குப் பிறகு வரவில்லை.

கோவளம் பகுதியைப் பார்த்துக்கொண்ட சுகாதார ஊழியர் ராஜேஸ்வரி அக்கா. ஒரு மாதம் கழித்து ஒருநாள் டீ குடிக்கும்போது பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: "இங்க வந்துகிட்டு இருந்தாளே அந்தோணியம்மா, போன புதன்கிழமை போயிட்டாளாம். ரத்தம் ரத்தமா வாந்தி எடுத்தாளாம். நான் வேற வீட்டுக்குப் போனப்ப சொன்னாங்க."

அவர் டீக் கிளாஸைக் கீழே வைத்தார். வீட்டுக்குக் கிளம்பும்போது என்னிடம் வந்து, "எஸ்தர்ம்மா, நாளைக்கு அரை நாள் லீவு போடுவியா? கோவளம் போகணும். தனியாப் போக எனக்கு ஒரு மாதிரி இருக்கு" என்றார்.

கடற்கரையை ஒட்டி ஓலைக் குடிசைகள். அவள் வீட்டுக்காரன் பேர் சூசை. நாங்கள் போனபோது ஏழு எட்டு வயதுப் பெண் குழந்தை ஒன்றுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தான். குழந்தை பேர் லூர்து. உட்காரச் சொல்லி ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டான். அவர் உட்காரவில்லை.

"நான் தாம்பரம் ஆபீஸ்லேர்ந்து வரேன். உங்க வீட்டம்மாவுக்கு ஒன்பது நாள்ல ரிசல்ட் வரும்னு சொன்னது நான்தான். அது தப்பு. நான் பாக்காமச் சொல்லிட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

சூசை அவரையே பார்த்தான். கோபம் வரும் என்று நான் பயந்துகொண்டிருந்தேன்.

"நீதானா சார் அது?" என்றான். "அவ சொல்லிக்கினே இருந்தா. எல்லாரும் அப்பறம் வா, அப்பறம் வான்றாங்கோ, அந்த சார் ஒருத்தர்தான் நாள் சொன்னாருன்னு. ஆசுபத்திரிக்குப் போலாம் வாம்மேன்னு நான் கூப்ட்டேன். ஒம்போது நாள்ல தெரிஞ்சுடும், அதுக்குள்ள இன்னாத்துக்கு பஸ்ஸுக்குத் துட்டுன்னுட்டா. அப்பால அடுத்த வாரம், அடுத்த வாரம்னு போச்சு. நீ ஆசுபத்திரிக்குப் போன்னு சொன்ன அன்னிக்கு வூட்டுக்கு வந்து படுத்தவதான், அப்பால அவளால எழுந்து நடக்கவே முடியலை சார்."

அவர் கை சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டிருந்தது.

சூசை குழந்தையின் வாயைத் துடைத்தான். குழந்தை இருமியது. அப்புறம் அவன் சாதாரணமாகக் கேட்டான்:

"சரி, எங்களுது இன்னா ஆச்சு சார்? அன்னிக்கே எனக்கும் பாப்பாவுக்கும் போட்டோ புட்சாங்களே."

கோவளத்துப் பெட்டிகளில் பாதி அன்றும் திறக்கப்படாமல் இருந்தன. அவர் சூசையிடம் நாள் எதுவும் சொல்லவில்லை. "வரேன்" என்று மட்டும் சொன்னார். திரும்பும் பஸ்ஸில் கேளம்பாக்கம் தாண்டும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "நாளைக்குச் சனிக்கிழமை. மத்தியானம் எல்லாரும் போனப்புறம் நீ கொஞ்சம் இருக்க முடியுமா?" என்று கேட்டார்.

அவர் செய்தது சின்ன யோசனைதான். ஒரு கறுப்பு அட்டையில், நோய் உண்டு என்பதற்கு நாங்கள் துளை போடும் அதே இடத்தில் ஒரே ஒரு துளை போட்டார். இன்னொன்றையும் அதேபோலச் செய்து என்னிடம் கொடுத்தார். மூன்று அட்டையையும் சேர்க்காமல், படத்தின் முடிவு இருக்கும் அட்டையை மட்டும் அதன் பின்னால் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். இருட்டாக இருந்தால் ஒன்றுமில்லை. வெளிச்சம் தெரிந்தால் அந்த ஆளுக்கு நோய்.

சனிக்கிழமை மத்தியானமும், ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தும் பார்த்தோம். எனக்குத் தெரிந்து அவர் சர்ச்சுக்கு வராத முதல் ஞாயிறு அது. கோவளமும் இன்னும் இரண்டு ஊரும் சேர்த்துப் பதினைந்தாயிரம் அட்டைக்குமேல். நடுவில் ஒருமுறை பழக்கதோஷத்தில் வாட்சை எடுத்துப் பார்த்தார். "ஒரு அட்டைக்கு நாலு செகண்ட் ஆகுது எஸ்தர்ம்மா. ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் இருக்கோம்" என்றார். சிரிக்கிறாரோ என்று நிமிர்ந்து பார்த்தேன். இல்லை.

வெளிச்சம் வந்த அட்டைகள் அறுபத்தெட்டு. அவற்றின் நம்பரை வைத்து ஊர்ப் பேரேட்டில் பேரைத் தேடினோம். நான் படிக்க அவர் எழுதினார். ஒரு நம்பருக்கு எதிரே அந்தோணியம்மாள் என்று இருந்தது. நான் நிறுத்தினேன்.

"இதை எழுதணுமா சார்?"

"வந்திருக்கில்ல? படி."

படித்தேன். எழுதினார். அதற்கு அடுத்த நம்பர் சூசை. அவன் அட்டை இருட்டு. அதற்கும் அடுத்தது லூர்து. அந்த அட்டையில் வெளிச்சத்தைப் பார்த்தது நான்தான் போலிருக்கிறது. குழந்தையின் அட்டை என்று அப்போது தெரியாது.

திங்கள் காலை டைரக்டர் வருவதற்கு முன்னால் அவர் அந்தப் பட்டியலை ராஜேஸ்வரி அக்கா கையில் கொடுத்துவிட்டார். அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

பிறகு நடந்ததையெல்லாம் முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பட்டியலில் இருந்தவர்களில் நாலு பேர் அதற்குள் இறந்திருந்தார்கள், அந்தோணியம்மாளையும் சேர்த்து. மற்றவர்களுக்கு மருந்து தொடங்கினார்கள். லூர்து ஒன்றரை வருடம் மருந்து சாப்பிட்டுப் பிழைத்தது. ஆனால் ஒரு பக்க நுரையீரல் சுருங்கிப்போய்விட்டது, ஓட முடியாது, நாலு வார்த்தை சேர்த்துப் பேசினால் மூச்சு வாங்கும் என்று அக்கா சொன்னாள். அந்த வருடத்து ஆண்டறிக்கையில் கம்ப்யூட்டரின் புகைப்படத்தைப் போட்டு, கீழே நிமிடத்துக்கு எண்ணூறு அட்டை என்று அச்சடித்தார்கள். நாலு வருடம் அது அங்கேயே இருந்தது. பிறகு அதே சுவரை இடித்து வெளியே எடுத்தார்கள். அவரை வேலையைவிட்டு நீக்கினார்கள். மனைவியோடு பொழிச்சலூர் பக்கம் போய், ஒரு லேத்து பட்டறையில் கணக்கு எழுதினார் என்று கேள்வி. எட்டு வருடம் கழித்து இறந்துபோனார். சாவுச் செய்தி எனக்கு அன்றே வந்தது. நான் போகவில்லை. போக முடியாததற்குக் காரணம் உண்டு.

அவர் மேல் விசாரணை வைத்தார்கள். குற்றச்சாட்டு இரண்டு: அட்டைகளின் வரிசையைக் கலைத்தது, உத்தரவு இல்லாமல் பேரைத் தேடி ஆராய்ச்சி ரகசியத்தை உடைத்தது. தில்லியிலிருந்து ஒரு அதிகாரி வந்து டைரக்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். அலுவலகத்தில் தமிழ், இங்கிலீஷ் இரண்டும் டைப் அடிக்கத் தெரிந்தவள் நான் என்பதால் வாக்குமூலத்தை அடிக்க என்னை உள்ளே உட்கார வைத்தார்கள்.

"பதினைந்தாயிரம் அட்டை. யார் உதவி செய்தாங்க?" என்றார் அதிகாரி.

"யாரும் இல்ல சார். நான் ஒருத்தன்தான்."

"ஒன்றரை நாள்ல ஒருத்தர் அத்தனையும் பாத்து, பேரும் தேடி எழுத முடியுமா?"

"முடியும் சார். ஒரு அட்டைக்கு ரெண்டு செகண்ட். வாட்ச் வச்சுப் பாத்தேன்."

டைரக்டர் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தீப்பெட்டி எண்ணுகிற மனிதரை அவருக்குப் பதினைந்து வருடமாகத் தெரியும். அவர் ஒரு நேரத்தைச் சொன்னால் அலுவலகத்தில் யாரும் மறுத்ததில்லை. டைரக்டரும் அன்று மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "அடிம்மா" என்றார்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். இரண்டு கறுப்பு அட்டை இருந்தது சார், ஒன்று என்னிடம் இருந்தது என்று சொல்லியிருக்கலாம். அம்மா முகமும் பெரிய தம்பியின் காலேஜ் ஃபீஸும்தான் மனதில் வந்தன. ஈடுபட்டவர் ஒருவர் என்று அடித்தேன். அட்டை ஒன்றுக்கு இரண்டு நொடி என்று அடித்தேன். கார்பன் வைத்து மூன்று காப்பி.

தாள்களை உருவி அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை விரலை வைத்து நிதானமாகப் படித்தார். மூன்றிலும் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு அடுக்கி என்னிடம் நீட்டினார்.

"மூணும் சரியா இருக்கும்மா" என்றார்.